காலடி வெப்பமும் கடலடிக் குளிரும்: இன்னும் கைக்கு வராத ஆற்றல்கள்

பொறியியல் படிக்கப்போகும் மாணவர் ஒருவரின் கேள்விக்கு எழுதும் பதில் இது. சூரிய ஒளி, காற்று இரண்டையும் விட்டால் மனிதன் இன்னும் சரியாகக் கைவைக்காத ஆற்றல் மூலங்கள் எவை, அவற்றில் எதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறார். எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம் என்பதையும் கூடவே கேட்டிருக்கிறார். நான் பல ஆண்டுகள் வெப்பப் பரிமாற்றிகளோடு வேலை செய்தவன். அதனால் என் பதிலில் குழாய், பம்ப், துரு ஆகியவை அடிக்கடி குறுக்கிடும்.

யாருக்கும் தெரியாத ஒரு புதிய ஆற்றல் எங்கோ ஒளிந்திருக்கிறது, ஒருநாள் யாரோ அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நமக்கு ஆற்றல் கிடைக்கும் வாசல்கள் நான்கே நான்கு: சூரியன், பூமியின் உள்வெப்பம், நிலவும் சூரியனும் கடலை இழுப்பதால் எழும் ஓதம், அணுக்கரு. சூரியனிடமிருந்து பூமிக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 1,73,000 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்). உலக மக்கள் அனைவரும் சேர்ந்து செலவிடும் வேகமோ 20 டெராவாட் அளவுதான். நாம் ஓர் ஆண்டில் செலவிடுவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்துவிடுகிறது. பூமியின் உள்ளிருந்து மேலே கசியும் வெப்பம் சுமார் 47 டெராவாட். ஓதங்களில் சிதறிப்போவது நான்கு டெராவாட்டுக்கும் சற்றுக் குறைவு.

ஆகவே எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதால் பயன் குறைவு. எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். வெதுவெதுப்பான ஓர் ஏரியில் அடங்கிய வெப்பம் ஒரு கொதிகலனில் இருப்பதைவிடப் பல லட்சம் மடங்கு அதிகமாக இருக்கலாம். ஆனாலும் அந்த ஏரியால் ஒரு நீராவி என்ஜினை ஓட்ட முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் உலகை ஆண்டதற்குக் காரணம், கோடிக்கணக்கான ஆண்டுகளின் வெயில் அவற்றுக்குள் இறுகிக் கிடந்ததுதான். இப்போது நாம் பேசும் மாற்று மூலங்கள் பெரும்பாலும் பரந்து, நீர்த்துக் கிடப்பவை. அவற்றைத் திரட்டுவதற்கு ஆகும் உலோகமும் உழைப்பும், கிடைக்கும் மின்சாரத்துக்கு ஈடாகுமா? புதிய மூலம் எதைப் பற்றி யார் சொன்னாலும் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

இதை உணரக் கடல்வெப்ப மின்சாரத்தை விடச் சிறந்த உதாரணம் இல்லை. வெப்பமண்டலக் கடலின் மேல்மட்டம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் 5 டிகிரி. இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒரு வெப்ப இயந்திரத்தை ஓட்டலாம் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் தார்சன்வால் 1881-லேயே சொன்னார். அவருடைய மாணவரும் நியான் விளக்கை உருவாக்கியவருமான ஜார்ஜ் கிளாட், 1930-இல் கியூபாவின் மட்டன்சாஸ் கரையில் அதைக் கட்டியும் காட்டினார். 22 கிலோவாட் வந்தது. ஆனால் அதன் பம்புகள் தின்றது அதைவிட அதிகம்.

காரணம் எளிது. 27 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் ஓடும் எந்த இயந்திரமும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வெப்பத்தில் 7 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற இயற்கை அனுமதிக்காது. நடைமுறையில் 3 சதவீதம் கிடைத்தாலே பெரிது. மீதி வெப்பம் அனைத்தும் குழாய்களின் வழியாக நீரோடு வெறுமனே போய்விடும். ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கே விநாடிக்குச் சில கன மீட்டர் குளிர்நீரை ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இழுக்க வேண்டும். அந்தக் குழாய்தான் இத்திட்டத்தின் உயிர்நாடி, எமனும் அதுவே. கிளாட் தம் குழாய்களைக் கடலுக்குப் பறிகொடுத்தார். ஹவாயில் 2015-இல் ஓடத் தொடங்கிய சோதனை நிலையத்தின் திறன் சுமார் 100 கிலோவாட்தான்.

ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் இதே வெப்ப வேறுபாட்டைக் கொண்டு குடிநீர் எடுக்கிறார்கள். மேல்மட்ட நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்து நீரின் குளிரால் மீண்டும் நீராக்கும் நிலையம் அது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. மின்சாரம் எடுக்கும்போது மெலிந்துபோகும் ஒரு மூலம், வேறு வேலைக்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. மின்சாரத்துக்கான டீசலே கப்பலில் வந்துசேர வேண்டிய சிறு தீவுகளுக்கு, குடிநீர், குளிரூட்டல், கொஞ்சம் மின்சாரம் மூன்றையும் சேர்த்துத் தரும் நிலையமாக இது வளரலாம். ஒரு கண்டத்துக்கு விளக்கேற்றும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் மூலத்துக்கு வருகிறேன். அது நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904-இல் ஜினோரி கோந்தி என்ற பிரபு, நிலத்திலிருந்து பீறிடும் நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை ஏற்றினார். 1913-இல் அதே இடத்தில் 250 கிலோவாட் நிலையம் வந்தது. அங்கே இன்றும் புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்பத்தால் சூடாகின்றன. கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி, ஒல்காரியா உள்ளிட்ட பிளவுப் பள்ளத்தாக்கு வயல்களிலிருந்து வருகிறது. இரவு, மழை, காற்றில்லாத நாள் எதுவும் இதைப் பாதிப்பதில்லை. அப்படியானால் உலகம் முழுவதும் ஏன் இது பரவவில்லை? வெப்பம், நீர், அந்த நீர் ஓடுவதற்கு விரிசல் உள்ள பாறை மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. எரிமலை விளிம்புகளில் இயற்கை தானாகவே அதைச் செய்து வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் வெப்பம் மட்டும்தான் இருக்கிறது.

அந்த வெப்பம் எங்கும் இருக்கிறது என்பதுதான் ஆசையைத் தூண்டும் விஷயம். சராசரியாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். ஐந்து கிலோமீட்டரில் 150 டிகிரியை எட்டிவிடலாம். உலர்ந்த சூடான பாறைக்குள் நீரைச் செலுத்தி, செயற்கையாக விரிசல்களைத் திறந்து, மறுமுனையில் வெந்நீராக எடுக்கும் முயற்சி 1970-களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் தொடங்கியது. கருத்து சரி என்று அப்போதே நிரூபணமாயிற்று. ஆனால் இரு துளைகளுக்கும் இடையே நீர் போதுமான அளவு ஓடவில்லை, துளையிடும் செலவோ மலைபோல் நின்றது.

பிறகு அதைவிடப் பெரிய தடை வந்தது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அடியில் நீரைச் செலுத்தியபோது நில அதிர்வுகள் எழுந்தன. பெரியது 3.4 ரிக்டர் அளவு. சுவர்களில் கீறல் விழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2017-இல் தென்கொரியாவின் போகாங்கில் 5.4 அளவு நிலநடுக்கம் பலரைக் காயப்படுத்தியது. அங்கிருந்த புவிவெப்பத் திட்டமே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு பின்னர் சொன்னது. இதை மறைத்துவிட்டு இந்தத் துறையைப் புகழ்வது நேர்மையாகாது. பழைய பிளவுகளைத் தெரிந்துகொள்ளாமல் அழுத்தம் கொடுத்ததன் விலை அது. இன்று நிலஅதிர்வுமானிகளை முன்கூட்டியே பரப்பி வைத்து, அதிர்வு ஒரு வரம்பைத் தொட்டதும் பம்பை நிறுத்தும் முறை வழக்கமாகிவிட்டது. அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில் அவசரம் கூடாது. நகரங்களுக்கு நேர் கீழே இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. களிப்பாறை எரிவாயுவுக்காகக் கிடைமட்டமாகத் துளையிடக் கற்றுக்கொண்டவர்கள், அதே கருவிகளைச் சூடான கருங்கல்லுக்குள் கொண்டுபோனார்கள். 2023-இல் நெவாடாவில் ஃபெர்வோ என்ற நிறுவனம், கிடைமட்டத் துளைகள் இரண்டுக்கு இடையே நீரை ஓட்டி 3.5 மெகாவாட் எடுக்க முடியும் என்று காட்டியது. அளவு சிறிதுதான். ஆனால் ஃபென்டன் ஹில்லில் தோற்ற இடம் எதுவோ, அதே இடத்தில் கிடைத்த வெற்றி என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. இப்போது யூட்டாவில் அதே நிறுவனத்தின் இன்னும் பெரிய நிலையம் எழுகிறது.

இதைவிட ஆழமாகப் போனால் என்ன ஆகும்? 2009-இல் ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் துளையிட்டுக்கொண்டிருந்தவர்கள், 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் எதிர்பாராமல் உருகிய பாறைக்குழம்பையே தொட்டுவிட்டார்கள். அந்தக் கிணற்றிலிருந்து 450 டிகிரிக்கும் மேலான நீராவி வந்தது. ஒரே கிணறு 30 மெகாவாட்டுக்கும் மேல் தரக்கூடியது என்று மதிப்பிட்டார்கள். வழக்கமான கிணறுகள் தருவதைப் போலப் பல மடங்கு. ஆனால் அமிலம் கலந்த அந்த நீராவி வால்வுகளை அரித்தது, 2012-இல் கிணற்றை மூட வேண்டியதாயிற்று. நான் முன்பு சொன்ன துரு இதுதான். 374 டிகிரியையும் 221 பார் அழுத்தத்தையும் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டினால் நீர், திரவமும் ஆவியும் அல்லாத ஒரு நிலைக்குப் போகிறது. ஒவ்வொரு கிலோவிலும் பல மடங்கு வேலை அடங்கியிருக்கும். நாம் தேடும் செறிவு அங்கே இருக்கிறது. அதைத் தாங்கும் உலோகமும் சிமெண்டும் இன்னும் நம் கையில் இல்லை.

அவ்வளவு ஆழத்துக்குத் துளையிடுவதும் எளிதல்ல. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அங்கே 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 180 டிகிரி இருந்தது. அந்தச் சூட்டில் பாறை இளகித் துளையை மூடத் தொடங்கவே, வேலை நின்றது. அணுக்கரு இணைவு ஆய்வில் பிளாஸ்மாவைச் சூடாக்க உருவாக்கிய ஜைரோட்ரான் என்ற கருவியால் மில்லிமீட்டர் அலைகளை அனுப்பி, பாறையை உருக்கியே துளையிடலாம் என்று இப்போது முயல்கிறார்கள். எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தை அது எட்டுவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

புவிவெப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது அள்ள அள்ளக் குறையாதது என்று எழுதுகிறார்கள். 47 டெராவாட்டைப் பூமியின் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.1 வாட் கூட வராது. ஆகவே நாம் எடுப்பது புதிதாக ஊறும் வெப்பத்தை அல்ல, பாறையில் காலங்காலமாகச் சேர்ந்த இருப்பை. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் வயல் உலகின் மிகப் பெரிய புவிவெப்ப வளாகம். அங்கே 1980-களின் இறுதியில் நீராவி குறையத் தொடங்கியது. பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரை நீண்ட குழாய்களில் கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்திய பிறகுதான் சரிவு தணிந்தது. பல துளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஓய்வு கொடுத்து நடத்தினால் ஒரு வயல் தலைமுறைகளுக்கு வரும். பேராசையோடு இறைத்தால் சில பத்தாண்டுகளில் ஆறிவிடும்.

அடுத்தது இயற்கை ஹைட்ரஜன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாலி நாட்டின் புராகேபூகு கிராமத்தில் 1987-இல் குடிநீருக்காகத் துளையிட்டார்கள். நீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. ஒருவர் சிகரெட்டோடு குனிந்து பார்க்க, வெடித்து அவர் முகம் கருகியது. துளையை அடைத்துவிட்டார்கள். 2010-களின் தொடக்கத்தில் மீண்டும் திறந்து சோதித்தபோது வந்தது 98 சதவீதம் ஹைட்ரஜன். ஒரு சிறு ஜெனரேட்டரை ஓட்டி அந்தக் கிராமத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள்.

இரும்பு நிறைந்த ஒலிவின் போன்ற கனிமங்கள் ஆழத்தில் நீரைச் சந்திக்கும்போது, இரும்பு நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது; ஹைட்ரஜன் விடுபடுகிறது. அல்பேனியாவின் புல்கிசே குரோமைட் சுரங்கத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் கசிவதாக 2024-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர், பூமிக்கடியில் சுமார் 5.6 லட்சம் கோடி டன் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதில் 2 சதவீதம் எடுக்க முடிந்தாலே சுமார் 200 ஆண்டுகளுக்குத் தேவையான ஹைட்ரஜன் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நாளிதழ்கள் அந்தப் பெரிய எண்ணைத்தான் தலைப்பாக்கின. அதில் பெரும்பகுதி மிக ஆழத்திலோ மிகச் சிறு சேர்க்கைகளாகவோ இருக்கும் என்று அவர்களே சொன்னதைப் பலர் படிக்கவில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது, எளிதில் கசியும். நுண்ணுயிர்களும் அதைத் தின்றுவிடும். தங்கி நிற்க இறுக்கமான மூடுபாறை வேண்டும். இதுவரை பெரிய அளவில் வணிகமாக எடுக்கும் வயல் எதுவும் அமையவில்லை. ஆனாலும் தேடுவதற்கு ஆகும் செலவு, கிடைத்தால் வரும் பயனோடு ஒப்பிட்டால் சிறிது. தேடத்தான் வேண்டும்.

கடல் அலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எடின்பரோவில் ஸ்டீபன் சால்ட்டர் 1974-இல் முன்வைத்த ‘வாத்து’ என்ற அலை இயந்திரம் முதல், போர்ச்சுகல் கரையில் 2008-இல் நிறுவிச் சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்துவரப்பட்ட பெலாமிஸ் வரை, நல்ல மூளைகள் இதில் உழைத்திருக்கின்றன. சாதாரண நாளின் அலைக்காகக் கட்டும் இயந்திரம் புயல் நாளையும் தாங்க வேண்டும். எஃகெல்லாம் அந்தச் சில நாட்களுக்காகவே செலவாகிறது. ஸ்பெயினின் முட்ரிகுவில் 2011-இல் ஒரு துறைமுகத் தடுப்புச்சுவருக்குள்ளேயே 16 டர்பைன்களை வைத்தார்கள், மொத்தம் சுமார் 300 கிலோவாட். எப்படியும் கட்டப்போகும் சுவரோடு சேர்த்துவிட்டதால் அது நிலைத்தது. ஓதமோ நாள் நேரம் தவறாமல் வரும். பிரான்சின் ரான்ஸ் முகத்துவாரத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது; தென்கொரியாவின் சிஹ்வாவில் 2011-இல் 254 மெகாவாட் வந்தது. ஆனால் அதற்கேற்ற முகத்துவாரங்கள் உலகில் சொற்பம், அணை கட்டினால் சேற்றுநிலத்துப் பறவைகளும் மீன்களும் இடம் இழக்கின்றன.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அருவி மறைந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையே, உப்பை மறித்து நீரை மட்டும் விடும் ஒரு சவ்வை வைத்தால் எழும் அழுத்தம் சுமார் 27 பார். 270 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீருக்குச் சமம். நார்வேயின் டோஃப்தேயில் 2009-இல் இதற்கொரு சோதனை நிலையம் திறந்தார்கள், சில கிலோவாட் மட்டும். சதுர மீட்டர் சவ்வுக்கு 5 வாட் வந்தால்தான் கட்டுபடியாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள், எட்ட முடியவில்லை, விட்டுவிட்டார்கள். ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025-இல் வேறு வழியில் வந்தார்கள்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வெளியேற்றும் அடர்ந்த உப்புநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் எதிரெதிரே வைத்தார்கள். உப்பு இருமடங்காகும்போது அழுத்தமும் ஏறக்குறைய இருமடங்காகிறது. இங்கும் செறிவுதான் வழிகாட்டியிருக்கிறது.

அணுக்கரு இணைவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். இயற்பியலுக்கு அது பெரும் சாதனை, அன்றைய செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். பிரான்சில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கட்டும் இட்டர் என்ற இணைவு உலை, ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் டிரிட்டியமும் கலந்த முழு அளவு இயக்கத்தை 2039-க்குத் தள்ளிவைத்திருக்கிறது. அதுவும் மின்சாரம் தராது, சோதனை மட்டுமே. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள் என்பதால் இயற்கையில் சேர்ந்து கிடப்பதில்லை. உலையின் சுவரில் லித்தியத்திலிருந்து அதை விளைவிக்க வேண்டும். தேவையான அளவில் யாரும் அதை இன்னும் செய்து காட்டவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுங்கள். அதற்காகக் காத்திருந்து மற்ற வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்வெளியில் சூரியத் தகடுகளைப் பரப்பி நுண்ணலையாக அனுப்புவதும் அப்படித்தான். பீட்டர் கிளேசர் 1968-இல் முன்வைத்த அந்தத் திட்டத்தில், அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனம் 2023-இல் சுற்றுப்பாதையிலிருந்து மிகச் சிறிதளவு ஆற்றலைக் கம்பியின்றி அனுப்பிக் காட்டியது. ராக்கெட் செலவு பன்மடங்கு குறையாமல் இது நகராது.

பட்டியல்களில் இடம்பெறாத ஒன்றைத்தான் நான் மிகப் பெரிய தொடாத மூலம் என்பேன். நாம் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் பயன்படாமல் வெப்பமாகவே வெளியேறுகிறது. பெட்ரோல் கார் நான்கில் மூன்று பங்கைச் சூடாகக் கொட்டுகிறது, அனல் மின்நிலையம் ஐந்தில் மூன்று பங்கை. இதை மீண்டும் மின்சாரமாக்க முயன்றால் கடல்வெப்பத்துக்கு நேர்ந்த கதிதான். வெப்பநிலை குறைவு, கிடைப்பதும் குறைவு. ஆனால் உலகின் இறுதி ஆற்றல் தேவையில் ஏறத்தாழப் பாதி வெப்பமாகவே தேவைப்படுகிறது. அதை ஏன் மின்சாரமாக்கிவிட்டு மறுபடி வெப்பமாக்க வேண்டும்? ஹெல்சின்கியில் நகரின் கழிவுநீரிலிருந்து வெப்ப பம்புகள் சூட்டை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்புகின்றன. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் வருகிறது. அதே பின்லாந்தில் போர்னைனன் என்ற ஊரில் 2025-இல், மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு நொறுக்கிய கல்லைச் சூடாக்கி 100 மெகாவாட்-மணி வெப்பத்தைச் சேமிக்கும் பெரிய கலன் ஓடத் தொடங்கியது. இதில் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய இயற்பியல் எதுவும் இல்லை. குழாய் போட வேண்டும், யார் சூடு யாருக்குப் போகிறது என்று ஊர்த் திட்டத்தில் எழுத வேண்டும்.

எந்தத் துறையைப் படிக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரில் ‘ஆற்றல்’ என்று இருக்கும் பட்டம் வேண்டும் என்பதில்லை. மேலே சொன்னவற்றில் திட்டங்கள் எங்கே நின்றன என்று திரும்பிப் பாருங்கள். மட்டன்சாஸில் குழாய், கிராஃப்லாவில் அரிப்பு, டோஃப்தேயில் சவ்வு, பாசலில் பாறை இயக்கவியல், கோலாவில் துளைக்கருவி. ஆகவே பொருளறிவியல், துளையிடல், புவிஇயற்பியல், சவ்வு வேதியியல், வெப்பப் பரிமாற்றம் ஆகிய ஐந்தில் ஒன்றை ஆழமாகப் படியுங்கள். என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உயர்வெப்பப் பொருளறிவியலைச் சொல்வேன். 400 டிகிரி அமில நீராவியில் இருபது ஆண்டுகள் கிடக்கக்கூடிய உறைக்குழாயும், அதே சூட்டில் வேலைசெய்யும் அளவுக் கருவியும் கிடைத்துவிட்டால், கிராஃப்லாவில் மூடிய கிணற்றைப் போன்றவற்றை மறுபடி தோண்டலாம்.